குளிர்ப்பெட்டியில் ஒரு பீர்க் குழாய்

சங்கப் பத்திரிகையில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் குடிப்பவன் அல்லன். எழுதப்போவது பெட்டியைப் பற்றித்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் குளிர்சாதனத் தொழிலில், அதிலும் பெரும்பகுதி ஆக்ரா வட்டாரத்து உருளைக்கிழங்குக் கிடங்குகளில் கழித்தவன் நான். குளிர்ப்பெட்டி ஒன்று கண்ணில் பட்டால் அதைத் திறந்து பார்க்காமல் என் கை சும்மா இராது.

நம் உறுப்பினர்கள் பலருக்குப் பிள்ளைகளோ பெண்களோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள், வீட்டின் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள பெரிய அறையில், அவர்கள் பேஸ்மென்ட் என்கிறார்களே அதில், ஒரு வெள்ளைப் பெட்டியையும் அதன் நெற்றியில் இரண்டு மூன்று குழாய்களையும் பார்த்துத் திகைத்திருக்கலாம். 2023ஆம் ஆண்டு கோடையில் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் என் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். மாப்பிள்ளை அப்படி ஒரு பெட்டியைச் செய்யப் புறப்பட்டபோது, வேலை தெரிந்த கை வீட்டில் இருக்கிறதே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அந்நாட்டில் இது ஒளிவுமறைவான காரியம் இல்லை. வீட்டில் தன் உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்; 1979 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. வயது வந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரி கிடையாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை ஒப்புக்கொண்டன. மிஸிஸிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் வழிவிட்டன. காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை பாட்டில்தான். ஒரு முறை காய்ச்சினால் வருவது 19 லிட்டர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்களைக் கழுவி, நிரப்பி, மூடி போட வேண்டும். அதற்குப் பதில் ஒரே எஃகுப் பீப்பாயில் நிரப்பிக் குழாய் வழியே பிடித்துக்கொள்வதே டிராஃப்ட் பீர். பீப்பாய்களைக் குளிர வைக்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பெட்டி.

நிமிர்ந்து நிற்கும் ஃபிரிட்ஜ் இருக்க, படுத்திருக்கும் ஃபிரீசர் எதற்கு என்று கேட்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும். பெட்டி ஃபிரீசரின் மூடியைத் திறந்தாலோ வாளித் தண்ணீர்போல் உள்ளேயே நிற்கும். நம் ஊர் ஐஸ்கிரீம் கடைகளில் நாள் முழுவதும் மூடியைத் திறந்து மூடுகிறார்கள், உள்ளே எதுவும் இளகிவிடுவதில்லை. இந்தக் கனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு கனத்த காற்று வரப்போகிறது.

ஃபிரீசர் என்பது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடுக்குப் போகும் யந்திரம். பீருக்கு வேண்டியது 3 முதல் 5 டிகிரி. எனவே ஃபிரீசரின் பிளக்கை நேரே சுவரில் செருகாமல், நடுவே ஒரு தனித் தெர்மோஸ்டாட்டை வைக்கிறார்கள். அதன் சென்சார் ஒரு மெல்லிய ஒயரில் பெட்டிக்குள் இறங்கும். 4 டிகிரிக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும். ஒன்றரை டிகிரி ஏறினால் மீண்டும் கொடுக்கும். ஃபிரீசரின் சொந்தத் திருகை அதிகக் குளிரில் வைத்துவிட்டால் அது குறுக்கே வராது. கம்ப்ரஸரையோ உள்ளே இருக்கும் வாயுவையோ தொடவே வேண்டாம். என்றைக்காவது வேண்டாம் என்று தோன்றினால் பிளக்கை மாற்றிச் செருகினால் பழையபடி ஃபிரீசர்தான்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். பீப்பாயின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு பஞ்சுத் துண்டை வைத்துக் கட்டினால் அது பீரின் வெப்பத்தைக் காட்டும். அடுத்தது, நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓட மூன்று முதல் ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கிளப்பினால் மோட்டார் திணறும், நாளடைவில் எரியும். நம் வீட்டு ஸ்டெபிலைசரில் வைத்திருக்கும் தாமதம் இதற்காகத்தான். நல்ல தெர்மோஸ்டாட்டில் இந்த வசதி இருக்கும். இல்லாததை வாங்க வேண்டாம்.

அடுத்தது குழாய். மாப்பிள்ளை டிரில்லை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்பக்கத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, அதைக் கீழே வைங்க" என்றேன். இந்தக் காலத்துப் பெட்டிகளில் பின்னால் கம்பிச் சுருள் தெரியாது. குளிரூட்டும் சுருளும் வெப்பத்தை வெளியேற்றும் சுருளும் சுவருக்குள்ளேயே நுரைக் காப்பில் புதைந்திருக்கின்றன. எந்த இடத்தில் போகிறது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. ஒரு துளை தவறினால் பெட்டி குப்பைக்குத்தான். அத்துடன் இப்போது பல பெட்டிகளில் இருப்பது ஐசோபியூட்டேன். அது தீப்பற்றும் வாயு.

இதற்கு அந்நாட்டுக்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. மூடியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் விளிம்பின் மேல் ஒரு செவ்வக மரச் சட்டத்தை உட்கார்த்துகிறார்கள். ஒன்றரை அங்குலக் கனம், ஏழேகால் அங்குல உயரம். மூடி இப்போது சட்டத்தின் மேல் உட்காரும், கீல்களும் சட்டத்தில்தான். குழாய்களுக்கு வேண்டிய துளைகளை எல்லாம் மரத்திலேயே போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் ஒரு ஆணிகூட அறையவில்லை. சிலிகான் பசை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. மரம் ஓரளவே குளிரைக் காக்கும் என்பதால் உட்பக்கத்தில் தெர்மோகோல் போன்ற காப்புப் பலகையை ஒட்டினோம். பெட்டியின் உயரமும் கூடுவதால் பீப்பாய்கள் நிமிர்ந்து நிற்கின்றன. நூறு ரூபாய் மரம் ஆயிரம் ரூபாய்ப் பெட்டியைக் காப்பாற்றுகிறது என்று சொன்னேன். மாப்பிள்ளை அதை டாலரில் மாற்றிக் கணக்குப் பார்த்தார்.

பீப்பாய்கள் முன்பு குளிர்பானக் கம்பெனிகள் சர்பத்தை நிரப்பி அனுப்பியவை. கம்பெனிகள் அட்டைப்பெட்டிப் பைகளுக்கு மாறியபோது அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஒன்றில் 18.9 லிட்டர் பிடிக்கும். தலையில் இரண்டு வாய்கள்: ஒன்றில் வாயு உள்ளே போகிறது, மற்றொன்றிலிருந்து அடிவரை இறங்கும் டியூப் வழியே திரவம் மேலே ஏறுகிறது. நம் பாட்டிமார் உபயோகித்த பம்பு ஸ்டவ்வேதான். அங்கே காற்று மண்ணெண்ணெயை அழுத்தி மேலே அனுப்பியது. இங்கே கரியமில வாயு பீரை அழுத்துகிறது. காற்றை அடித்தால் பீர் கெட்டுவிடும், அதனால் கரியமில வாயு.

அந்த வாயு ஒரு சிறிய சிலிண்டரில் வருகிறது. 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ வாயு, திரவ வடிவில். சாதாரண அறை வெப்பத்தில் அதனுள் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டுக்கு மேல் அழுத்தம். பீருக்கு வேண்டியதோ 10 முதல் 12 பவுண்டு. கார் டயரில் உள்ளதில் பாதிகூட இல்லை. இடையே இருந்து அதைக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டர். 3, 4 டிகிரிக் குளிரில் 12 பவுண்டு அழுத்தத்தில் சில நாட்கள் வைத்தால் பீர் தன் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். பொங்குவதற்கு அது போதும்.

முதல் நாள் குழாயைத் திறந்தபோது தம்ளர் நிறைய நுரைதான் வந்தது. பெட்டியின் அடியில் 3 டிகிரி. மேலே மரச் சட்டத்தருகே 10 டிகிரி. கனத்த குளிர் கீழேயே தங்கிவிட்டது. மேலே செல்லும் டியூபில் பீர் சூடேறினால் கரைந்த வாயு வெளிப்பட்டு நுரைக்கும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த சிறு விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டோம். காற்று கலந்து சமமாயிற்று. டியூபின் நீளமும் ஒரு காரணம். உட்துளை கால் அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய டியூபில் பத்தடி போனால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்து பீர் நிதானமாக வரும். இரண்டடி டியூப் வைத்தால் பீறிட்டு அடிக்கும். காபியை ஆற்றத் தெரிந்த நமக்கு நுரையின் குணம் புதிதல்ல.

இனி அந்த இரண்டாவது கனத்த காற்று. இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய சாமான் அறையைக் காட்டினார் மாப்பிள்ளை. கதவை மூடினால் சத்தம் கேட்காது, பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்றார். "வேண்டாம்" என்றேன். உருளைக்கிழங்கு உயிருள்ள பொருள், அது மூச்சுவிடும். மூடிய கிடங்கில் அந்த மூச்சு கரியமில வாயுவாகத் தேங்கும். காற்றோட்டம் விட்ட பிறகே நாங்கள் ஆட்களை உள்ளே அனுப்புவோம். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். குளிரைக் கொட்டிவிடாமல் பிடித்து வைத்திருக்கும் அதே பெட்டி, கசிந்த வாயுவையும் கொட்டிவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்த 5 பவுண்டு முழுவதும் கசிந்தால் சுமார் 1,200 லிட்டர் வாயு. பெட்டியின் கொள்ளளவு 200 லிட்டர். நிரம்பி வழிந்து அறைக்குள் பரவும். படிக்கட்டின் கீழ் இருந்த அறை ஏறக்குறைய 6,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட்டின் பெரிய கூடமோ ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் லிட்டர். அங்கே கலந்தால் ஒரு சதவீதம்.

தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு அரை சதவீதம். நான்கு சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருக்கிறார்கள். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பது நம் கிராமங்களில் வழக்கம். ஆனால் நான்கு சதவீதத்தில் விளக்கு அணையாது. விளக்கு எரிகிறது என்று நம்பி இறங்கக்கூடாது.

"வீட்டுல அலாரம் இருக்கே, மாமா" என்றார் அவர். அங்கே வீடுகளில் இருப்பது கார்பன் மோனாக்ஸைடு அலாரம். அது வேறு வாயு. பெயர் ஒலியில் நெருக்கம், கருவிக்கோ துளியும் சம்பந்தம் கிடையாது. கரியமில வாயுவுக்கென்று தனிக் கருவி ஒன்றை வாங்கி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மாட்டினோம். என் பேத்திக்கு ஆறு வயது. தரையில் உட்கார்ந்து விளையாடும் உயரம் அதுதான். பெட்டியைக் கூடத்தில் வைத்தோம். மூடிக்குப் பூட்டு, குழாய்களுக்கும் பூட்டு.

இன்னொன்று. நிரம்பிய பீப்பாய் 23 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்க, பெட்டிக்குள் தலையை விட்டுக் குனிய வேண்டும். வாயு தேங்கியிருந்தால் முதல் மூச்சிலேயே தலை சுற்றும். ஆகவே மூடியைத் திறந்ததும் விசிறியைச் சில நிமிடம் மேல்நோக்கி ஓடவிட்டு, சிலிண்டரை மூடிவிட்டு, இருவராகத் தூக்குவது என்று ஒரு வழக்கம் வைத்தோம். வாயு இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். கேஸ் அடுப்பு வைத்திருக்கும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இது தெரியும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும்.

மற்றவை சில்லறை வேலை. பெட்டியின் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று போதும். டியூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பீரும் ஒரே புளிப்பாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் சுவைத்துப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் பிள்ளைகள் இங்கேயும் இதைச் செய்ய ஆசைப்படலாம். நம் நாட்டில் மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சினால் கலால் துறை வாசலில் நிற்கும். பெங்களூரிலும் குருகிராமிலும் பீர் காய்ச்சி விற்கும் விடுதிகள் உரிமம் வாங்கித்தான் நடத்துகின்றன. ஆனால் பீப்பாயில் பீர்தான் ஊற்ற வேண்டும் என்று பெட்டி கேட்பதில்லை. கொலம்பஸில் மூன்றாவது குழாயை என் மனைவிக்கு ஒதுக்கினார்கள். வடிகட்டிய தண்ணீரை நிரப்பி 30 பவுண்டு அழுத்தத்தில் நான்கு நாள் வைத்தால் பன்னீர் சோடாக்கடைக்காரர் தோற்றுப்போவார். அழுத்தம் வேறு என்பதால் அதற்குத் தனி ரெகுலேட்டர் வேண்டும். டியூபும் இருபதடிக்குக் குறையக்கூடாது. எலுமிச்சை பிழிந்து உப்புப் போடுவதைத் தம்ளரில்தான் செய்ய வேண்டும். பீப்பாயில் போட்டால் எலுமிச்சைச் சக்கை போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும்.