சிகிச்சை மேசையைச் சுற்றி நிற்பவர்கள்

நாயையோ பூனையையோ சிகிச்சைக்குக் கொண்டு செல்பவர், உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் நான்கைந்து பேரைக் கடந்து செல்கிறார். சீட்டு எழுதுபவர், எடை பார்ப்பவர், பிராணியைப் பிடித்துக்கொள்பவர், பரிசோதிப்பவர், ஊசி போடுபவர், மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்று அவர்களின் பணிகள் வேறுபட்டாலும், வளர்ப்பவரின் பதற்றத்தில் அனைவரும் ஒருவர் போலவே தெரிகின்றனர். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், யாருடைய சொல்லை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ள வேண்டும் என்பது விளங்காதபோது, நோயைப் பற்றிய முக்கியமான செய்தி வாசலிலேயே நின்றுவிடுவதும், தகுதியில்லாத ஒருவரின் யோசனை மருந்தாகிவிடுவதும் நேர்கின்றன.

இந்தப் பணிப்பிரிவின் எல்லைக்கோட்டை வரைந்திருப்பது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிவான மருத்துவர் மட்டுமே கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாம் என்பது அதன் அடிப்படை விதி. பதிவு பெறுவதற்கு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் நீளும் பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும். அதே சட்டம் ஒரு விலக்கையும் அளிக்கிறது. சான்றிதழோ பட்டயமோ பெற்ற துணைப் பணியாளர்கள், மாநில அரசின் அனுமதியுடனும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும், ‘சிறு கால்நடை மருத்துவப் பணிகள்’ என்று சட்டம் குறிப்பிடும் தடுப்பூசி போடுதல், விதை நீக்கம், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதல்நிலை உதவிகளைச் செய்யலாம். ஆகவே, உதவியாளர் ஒருவர் தடுப்பூசி போடுவதைக் கண்டு வளர்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை; மேற்பார்வைக்கு மருத்துவரே இல்லாத இடத்தில், என்ன நோய் என்று முடிவுசெய்து மாத்திரையும் எழுதித் தரும் உதவியாளரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

தமிழ்நாட்டின் அரசு மருந்தகங்களில் பணிப்பெயர்களே சிலரைக் குழப்புகின்றன. ‘கால்நடை உதவி மருத்துவர்’ என்ற பலகையைப் பார்த்து, பெரிய மருத்துவர் வேறொருவர் இருப்பார் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அப்பெயரிலுள்ள ‘உதவி’ என்பது பதவி வரிசையைக் குறிக்கிறதேயன்றிக் கல்வித் தகுதியின் குறைவைக் குறிப்பதன்று. அவர் பட்டமும் பதிவும் பெற்ற முழுமையான மருத்துவர். அவருக்கு அடுத்த நிலையிலுள்ள கால்நடை ஆய்வாளர், முதலுதவி, தடுப்பூசி, செயற்கைமுறைக் கருவூட்டல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர். கால்நடைப் பராமரிப்பு உதவியாளரோ பிராணியைப் பிடிப்பது, கருவிகளைத் தூய்மை செய்வது, மேசையைத் துடைத்து அடுத்த நோயாளிக்கு ஆயத்தமாக்குவது ஆகியவற்றைக் கவனிக்கிறார்.

மிகக் குறைவாக மதிக்கப்படும், பிராணியைப் பிடிக்கும் இந்தப் பணி, மருத்துவத்தின் பயனைப் பெரிதும் தீர்மானிக்கும் பணியாகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதருக்குக் காய்ச்சல் எனப்படுவது நாய்க்கு நலம். ஆனால் அச்சத்தில் திமிறும் நாயின் வெப்பமும் இதயத் துடிப்பும் நோயின்றியே உயர்ந்துவிடுவதால், பிடிப்பவரின் கை முரடாக இருந்தால் மருத்துவருக்குக் கிடைக்கும் அளவுகளே திரிந்துவிடுகின்றன. தேர்ந்த உதவியாளர் நாயை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து அணுகி, ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் உடலையும் தம் மார்போடு அணைத்துக்கொண்டு, தலை திரும்பாதபடி நிறுத்துகிறார். பூனையின் பிடரித் தோலைப் பற்றித் தூக்குவது முன்பு வழக்கமாக இருந்தது. அது பூனையின் அச்சத்தை மிகுவிக்கும் என்பதால், துண்டில் சுற்றி, பரிசோதிக்க வேண்டிய பகுதியை மட்டும் வெளியே விடும் முறையே இன்று விரும்பப்படுகிறது.

‘என் நாய் யாரையும் கடிக்காது’ என்று கூறி வாய்மூடி போடுவதை மறுப்பது, அன்பினால் எழுந்தாலும் பிறருக்கு ஆபத்தை விளைவிக்கும் செயல். வலியிலுள்ள பிராணி தன்னை வளர்த்தவரையே கடிக்கக்கூடும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் அநேகமாக மரணம் உறுதி என்பதால், பிராணிகளைப் பிடிக்கும் பணியாளர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள அறிவுறுத்தப்படுகின்றனர். தம் நாய்க்கு இந்த நோய்க்கான தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையும், அது முன்பு எவரையேனும் கடித்ததுண்டா என்பதையும் மேசைக்கு வருமுன்பே உதவியாளரிடம் சொல்லிவிடுவது, அந்தக் கைகளுக்கு வளர்ப்பவர் செய்ய வேண்டிய கடமை.

பயிற்றுவிக்கும் மருத்துவமனைகளின் அமைப்பு வேறு. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்டு, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்று விளங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடங்களில், பிராணியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளுறைப் பயிற்சியிலுள்ள இளைஞராக இருப்பார். அவர் குறித்தவற்றை முதுநிலை மாணவர் சரிபார்ப்பார். சிக்கலான நிலைகளில் பேராசிரியர் முடிவெடுப்பார். ஒரே கேள்வியை மூவர் கேட்பதால் சலிப்பு உண்டாவது இயல்பு. எனினும், முதலில் ‘நேற்றிலிருந்து வாந்தி’ என்று மட்டும் சொன்னவர், மூன்றாம் முறை கேட்கப்படும்போது, இரண்டு நாளுக்கு முன் தம் நாய் குப்பைத் தொட்டியைக் கிளறியதையும் சேர்த்துச் சொல்வது எங்கும் காணக்கூடியதே. நோயாளி பேச இயலாத மருத்துவத்தில், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வியும் ஒரு பரிசோதனைக் கருவியே.

தனியார் கிளினிக்குகளில் ஒருவரே பல பணிகளைச் சுமக்கிறார். பிரிட்டனில் கால்நடைச் செவிலியர் என்பது தனிப் படிப்பும் பதிவும் கொண்ட தொழில். இங்கு அந்த இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பணியிலேயே பழகித் தேர்ந்தவர்கள். அவர்கள் நகம் வெட்டலாம், உண்ணி எடுக்கலாம், மருத்துவர் குறித்த அளவில் குளுக்கோஸ் ஏறுவதைக் கண்காணிக்கலாம். நோயறிதல், மருந்து எழுதுதல், அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் மருத்துவரைவிட்டு நகரக்கூடாதவை. ஆய்வக நுட்பவியலாளர் இரத்தப் பூச்சைச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்து, உண்ணிகள் பரப்பும் ஒட்டுண்ணிகள் தென்படுகின்றன என்று அறிக்கை தரலாம். அதற்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்ற வினாவுக்கு விடை அவரிடமிருந்து வரக்கூடாது. வரவேற்பு மேசையிலிருப்பவர் தொலைபேசியில் தரும் மருந்து யோசனைக்கும் இது பொருந்தும். மனிதருக்கு எளிதாகக் கிடைக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடக்கூடியது என்பதை எண்ணினால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும்.

அறுவை சிகிச்சை நாளில் இந்தக் கூட்டுப்பணி முழு வடிவம் பெறுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குபவர் அலுவலகப் பணியாளராக இருந்தாலும், மயக்க மருந்தின் ஆபத்தை விளக்க வேண்டியவர் மருத்துவரே. அந்த விளக்கத்தைக் கேட்காமல் கையெழுத்திடுவது முறையன்று. எத்தனை மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும் என்பது பிராணிக்குப் பிராணி மாறும். சொல்லப்பட்ட நேரத்தை மீறி ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் வெட்கப்படாமல் அதைச் சொல்லிவிட வேண்டும்; மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். சிகிச்சை முடிந்தபின் பிராணி கண் விழிக்கும்வரை அருகிலிருந்து, போர்வை போர்த்தி, மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் உதவியாளரே.

ஆதலால், வீட்டுக்குப் புறப்படும்போது மருத்துவரிடம் மருந்தையும் தையல் பிரிக்கும் நாளையும் கேட்டறிந்த பிறகு, பிராணியைக் கொண்டுவந்து கொடுக்கும் உதவியாளரிடமும் அது எப்போது எழுந்து நின்றது, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா, எந்தப் பக்கம் தொட்டபோது முனகியது என்று விசாரிக்க வேண்டும். சீட்டில் எழுதப்படாத இவற்றுக்கு விடை அவரிடம்தான் இருக்கும்.