திரையில் பூத்த குறிஞ்சி

கொடைக்கானல் மலையில் 2018இல் பூத்த குறிஞ்சி நீலமா, ஊதாவா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே புகைப்படத்தை மூன்று கணினித் திரைகளில் திறந்து பார்த்தேன். மூன்று விடைகள் கிடைத்தன. பூவோடு ஒப்பிடலாமென்றால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அச்செடி மறுபடி பெருமளவில் பூப்பது 2030இல்தான். அதுவரை படங்களே சாட்சி. சாட்சி இடத்துக்கொரு விதமாகப் பேசினால் தாவரவியல் நண்பர்கள் என்ன செய்வார்கள்?

படக்கோப்பில் இருப்பவை எண்களே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. அந்த எண்ணுக்கு எவ்வளவு ஒளி என்பதைத் திரை தன் போக்கில் முடிவு செய்கிறது. விளக்கின் வயதும் வடிகட்டியின் தரமும் அதில் கலந்துவிடுகின்றன. கண்ணை நம்பித் திருத்தவும் வழியில்லை. மஞ்சள் பாய்ந்த திரையையும் சற்று நேரத்தில் அது வெள்ளையென்றே ஏற்றுக்கொள்ளும்.

இச்சிக்கல் நம் மலைக்குப் புதிதன்று. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் கால்சியம் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். ஒளி இருமடங்கானால் படத்தகட்டின் கருமை இருமடங்காவதில்லை. ஆகையால் பிற்காலத் தகடுகளில், அளவு தெரிந்த ஒளியைப் படிப்படியாகக் கூட்டி ஒரு பட்டையும் சேர்த்துப் பதித்தார்கள். தகடும் ஒன்று, கழுவிய முறையும் ஒன்று. எனவே பட்டையின் கருமையைக் கொண்டு சூரியனின் பிரகாசத்தைக் கணக்கிடலாம். பட்டை இல்லாத பழைய தகடுகளுக்கு? அமைதியான சூரியப் பரப்பு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மங்கிச் செல்லும் விதம் தெரிந்ததே. அதையே அளவுகோலாக்கி அறிஞர்கள் அண்மையில் கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உபாயம் இது.

திரைக்குச் செய்யும் அளவுத்திருத்தமும் இதே வகையினதுதான். நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையின்மேல் தொங்கவிட வேண்டும். கணினி தெரிந்த எண்களை வரிசையாகக் காட்டும். கருவி வெளிவரும் ஒளியை அளக்கும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2 என்பன வழக்கமான இலக்குகள். அந்தக் காமாவில் 128 என்னும் எண்ணுக்குப் பாதி ஒளியன்று, ஏறத்தாழ 22 சதவீதமே வரவேண்டும்.

கண்ட வேறுபாட்டை எங்கே திருத்துவது? சாதாரண முறையில் கணினியின் படப்பலகையில் திருத்துகிறோம். நீலம் மிகுந்த திரையில் நீலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், 256 படிகளில் சுமார் 230 தான் மிஞ்சும். கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த மூடுபனிப் படத்தைத் திறந்தால் மெல்ல மாற வேண்டிய சாம்பல் நிறம் பட்டை பட்டையாகத் தெரியும். வன்பொருள் அளவுத்திருத்தத்திலோ, திருத்தம் திரைக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய மாற்று அட்டவணையில் எழுதப்படுகிறது. அவ்வட்டவணை 10 முதல் 16 பிட் வரை நுட்பமுடையதாதலால் 256 படிகளும் பழுதின்றி நிற்கும். இதற்கென அமைந்த திரைகளில்தான் இவ்வசதி உண்டு, விலையும் கூடுதல்.

ஆயினும் மூன்று ஒளிகளின் கலவைக்கு எட்டாத நிறங்கள் உள. தூய ஊதாவை எத்திருத்தமும் திரைக்குக் கொண்டுவராது. புகைப்படக் கருவி தவறாகப் பதிந்ததையும் இது சீராக்காது. அதற்குப் பூவின் அருகில் நிற அட்டை ஒன்றை வைத்துப் படமெடுத்திருக்க வேண்டும். 2030இல் மலையேறுவோர் அட்டையை மறவாதிருப்பார்களாக!

அளக்குமுன் திரையை அரைமணி நேரம் எரியவிட வேண்டும். சன்னல் வெயில் அதில் விழலாகாது. மாதம் ஒருமுறை அளந்தால் போதுமாதலால், ஒரே நிறமானியைத் துறைகள் பலவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.