மாநாடு கலைந்த பின்னர்

திருவனந்தபுரத்தில் ஒரு மாநாடு நிறைவுற்ற மாலையில், பிரதிநிதிகளிற் பலர் ஊர் திரும்புமுன் கிழக்கேகோட்டைக்கு வருவதுண்டு. பத்மநாப சுவாமி கோயிலைக் காண்பர். மேத்தன் மணி எனப்படும் பழைய கடிகாரத்தை அண்ணாந்து நோக்குவர். சாலைக் கடைத்தெருவில் பொருள் வாங்குவர். அவ்வேளையில் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே அம்மாநாட்டைப் பற்றிய உண்மையான மதிப்புரையாகும். "உரை நன்று, ஆனால் எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது" என்பார் ஒருவர். "கேள்வி கேட்க நேரமே இல்லை" என்பார் மற்றொருவர். வாயிலில் கொடுத்த தாளிலோ இருவரும் "மிக நன்று" என்றே எழுதிக் கொடுத்திருப்பர்.

2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்நகரின் காரியவட்டத்தில் 97ஆவது இந்திய அறிவியல் மாநாடு நடைபெற்றது. அத்தகைய பெருங்கூட்டமாயினும், ஒரு வட்டத்து ஆசிரியர் கூட்டமாயினும், கூடியோர் எண்ணியதை அறிந்தாலன்றி அடுத்த கூட்டம் சிறக்க வழியில்லை.

மேல்நோக்கிச் செல்லாத செய்தி

வேளாண்மைத் துறையின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. 'பயிற்சியும் பார்வையிடலும்' என்னும் விரிவாக்க முறையை உலக வங்கியின் வல்லுநர் டேனியல் பெனோர் வகுத்தார். இந்தியாவில் 1974ஆம் ஆண்டளவில் இராசத்தானத்தின் சம்பல் பாசனப் பகுதியில் தொடங்கிய இம்முறை, எண்பதுகளில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை களப் பணியாளருக்குப் பயிற்சி. குறித்த நாளில் உழவரைக் காணல். மாதந்தோறும் ஆராய்ச்சியாளருடன் கூட்டம் என்பது அதன் அமைப்பு. உழவரின் ஐயங்கள் அதே வழியில் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏற வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதியே. நடைமுறையில், பரிந்துரைகள் கீழே இறங்கிய அளவுக்கு ஐயங்கள் மேலே ஏறவில்லை என்பதே இம்முறையின்மீது பரவலாக எழுந்த குறை. மானாவாரி நிலத்தாருக்குப் பொருந்தாத பரிந்துரையை அவர் கைவிட்டார். கைவிட்ட காரணம் பலவிடங்களில் மேலே எட்டவில்லை.

கேட்கும் முறை

அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959ஆம் ஆண்டு முதல் எழுதிய கட்டுரைகளில், பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கலாம் என்றார். கலந்துகொண்டோரின் மனநிறைவு முதற்படி, கற்றது இரண்டாவது, வேலையில் கையாண்டது மூன்றாவது, விளைந்த பலன் நான்காவது. நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் முதற்படியோடு நின்றுவிடுகின்றன. "மாநாடு எவ்வாறு இருந்தது?" என்று வினவினால் மரியாதையான விடையே வரும். "எச்செய்தியை உங்கள் பணியில் கையாள்வீர்கள்? எது விளங்கவில்லை? எது உங்கள் ஊருக்குப் பொருந்தாது?" என்று வினவினால் பயனுள்ள விடை கிடைக்கும்.

வினாக்கள் ஐந்தாறு போதும். நன்றியுரைக்கு முன்னரே பத்து நிமிடம் ஒதுக்கித் தாளை நிரப்பச் செய்தல் வேண்டும். வண்டியைப் பிடிக்க விரைபவர் சிந்தித்து எழுதுவதில்லை. பெயர் கேட்கலாகாது, மேலதிகாரி படிப்பார் என்னும் அச்சம் இருக்குமிடத்தில் உண்மை எழுதப்படாது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இந்நகரில், அவரவர் மொழியில் எழுத இடமளித்தலும் இன்றியமையாதது. மூன்று திங்கள் கழித்து ஓர் அஞ்சலட்டையேனும் அனுப்பி, "எதைக் கையாண்டீர்கள்?" என்று வினவினால் மூன்றாம் படியையும் அறியலாம்.

தொகுக்கும்போது, வந்தோர் எத்தனை பேர், விடையளித்தோர் எத்தனை பேர் என்பதை முதலிற் குறிக்க வேண்டும். 120 பேர் கூடிய இடத்தில் 40 பேரே எழுதினர் எனின், எஞ்சிய 80 பேரின் மௌனமும் ஒரு செய்தியே. ஒருவர் மட்டுமே கூறிய குறையை எண்ணிக்கை சிறிது என்று தள்ளிவிடலாகாது. மலைப்பகுதியிலிருந்து வந்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.

விடை திரும்புதல்

கேட்பது பாதி வேலை. கேட்டதைக் கூடியவர்க்கே திருப்பிச் சொல்வது மறுபாதி. கேரளத்தின் 1994ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் இதற்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. கிராம சபையின் முடிவு ஒன்றை எக்காரணத்தாலேனும் நிறைவேற்ற இயலாவிடின், பஞ்சாயத்துத் தலைவர் அக்காரணத்தைச் சபையின் முன் தெரிவித்தல் வேண்டும் என அச்சட்டம் விதிக்கிறது. 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் ஊர்தோறும் சபைகள் கூடித் தேவைகளை எடுத்துரைத்தபோது, இவ்விதியின் அருமை விளங்கிற்று. சொன்னது என்னவாயிற்று என்று அறிந்தவரே மறுமுறையும் வந்து சொல்வர்.

மாநாட்டை நடத்துவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை. எனினும் ஒரு தாள் போதும். அதன் இடப்புறத்தில் "நீங்கள் கூறியவை" என்றும், வலப்புறத்தில் "நாங்கள் செய்யவிருப்பவை" என்றும் எழுதுக. இயலாதவற்றை ஒளிக்காமல் காரணத்தோடு குறித்து, ஒரு திங்களுக்குள் அனைவருக்கும் அனுப்புக. கோரிக்கை நிறைவேறாவிடினும், தம் சொல் படிக்கப்பட்டது என்பதை ஆசிரியரும் களப் பணியாளரும் உணர்வர். விடையே வராத வினாத்தாளை இரண்டு முறை நிரப்பியவர், மூன்றாம் முறை அதில் "மிக நன்று" என்று எழுதிவிட்டு எழுந்து போவார். அதன்பின், தம் பரிந்துரை எந்த வயலில், எந்த வகுப்பறையில் தவறிற்று என்பதை அறிய அத்துறைக்கு வேறு வழி இராது.