ஒரே தானியம், இரண்டு விலை: ஏன்?

மலிவான போர்பன் விஸ்கி நாக்கைச் சுட்டால், பழி விலைக்கா, வலுவுக்கா? அமெரிக்கச் சட்டம் அடிமட்டத் தரத்தையே உயர்த்தி வைத்திருக்கிறது: தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் கலன், அதில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டாத ஆல்கஹால். நிறமோ சுவையோ சேர்க்கக் கூடாது. வனிலா வாசம் தீப்பட்ட மரத்தின் கொடை. கெண்டக்கியின் ஹெவன் ஹில் நிறுவனம் மலிவான இவான் வில்லியம்ஸையும் விலை கூடிய எலைஜா கிரெய்கையும் ஒரே தானியக் கலவையில்தான் வடிக்கிறது: மக்காச்சோளம் 78, மால்ட் பார்லி 12, ரை 10 சதவீதம். வேறுபடுவது பீப்பாயில் கிடந்த காலமும் ஆல்கஹால் வலுவும். வழக்கமான கறுப்பு லேபிள் இவான் வில்லியம்ஸ் 43 சதவீதம், எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் 47.

அந்த 4 சதவீதம் ஒப்பீட்டையே குழப்பிவிடும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுவதால், எரிச்சலையே ‘கனம்’ என்று நாக்கு தவறாகப் படிக்கும். எனவே 30 மில்லி எலைஜா கிரெய்கில் சுமார் 3 மில்லி தண்ணீர் விட்டுச் சமப்படுத்தி, எது எதுவென்று தெரியாமல் முகர்வதே நியாயம். தண்ணீர் விட்டால் சரக்கு கெடாதா? பெரும்பாலான புட்டிகளில் அடைக்குமுன் ஆலையே தண்ணீர் கலக்கிறது! பீப்பாயில் வயது கூடினால் மேல்தானே என்பது வலுவான ஆட்சேபம், ஆனால் பாதிதான் சரி. கெண்டக்கி வெயிலில் விரிந்து மரத்துக்குள் புகும் சாராயம், குளிரில் சுருங்கித் திரும்பும்போது இனிப்போடு துவர்ப்பையும் இழுத்து வருகிறது. புது மரத்தில் துவர்ப்பு வெகு சீக்கிரம் மிஞ்சிவிடும்.