ஊழலை சொன்னா தூக்கியடிப்பா? அரசு ஊழியருக்கு என்ன வழி?

சென்னை,

ஆபீசில் நடக்கும் முறைகேட்டை மேலிடத்துக்கு எழுதிப் போடும் ஊழியருக்கு பல நேரம் கிடைக்கும் பரிசு டிரான்ஸ்பர், மெமோ, சஸ்பெண்டு. நமக்கு எதுக்கு வம்பு என்று பலரும் வாயை மூடிக்கொள்வது இதனால்தான். அப்படி பழிவாங்கப்பட்டால் எங்கே போய் முறையிடுவது?

என்ஜினீயர் கொலை

தங்க நாற்கர சாலை பணியில் பீகாரில் நடந்த முறைகேடு பற்றி பிரதமர் அலுவலகத்துக்கு 2002-ல் கடிதம் எழுதினார், என்ஜினீயர் சத்யேந்திர துபே. பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். ஆனால் கடிதம் பெயரோடு பல மேஜைகளுக்கு போனது. 2003 நவம்பர் 27-ந்தேதி கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது. ஆனாலும் நாடே கொதித்தது. இதையடுத்து, பெயரை மறைத்து புகார் வாங்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் 2004-ல் மத்திய அரசு ஒப்படைத்தது.

கவர் மேல் பெயர் கூடாது

பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று கவர் மேல் எழுதி, ஒட்டி, டெல்லியில் உள்ள ஆணைய செயலாளருக்கு அனுப்ப வேண்டும். அனுப்புபவர் பெயர், முகவரி உள்ளே கடிதத்தில் மட்டும் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதாசி எடுபடாது. மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார் இதில் வராது.

50 ரூபாய் கட்டணம்

ரெயில்வே, தபால், வருமான வரி போன்ற மத்திய அரசு ஊழியர்கள் மத்திய நிர்வாக தீர்ப்பாயத்துக்கு போகலாம். சென்னையிலும் அதற்கு கிளை உண்டு. முதலில் துறையில் அப்பீல் செய்ய வேண்டும். இறுதி உத்தரவு வந்த ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். கட்டணம் 50 ரூபாய். வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். தவறான உத்தரவை தீர்ப்பாயம் ரத்து செய்யும்.

தமிழ்நாட்டில் மாநில ஊழியர்களுக்கு இருந்த தீர்ப்பாயம் கலைக்கப்பட்டு விட்டது. அவர்கள் ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

டிரான்ஸ்பர் என்பது வேலையோடு வருவது என்றுதான் கோர்ட்டும் தீர்ப்பாயமும் பார்க்கும். கெட்ட எண்ணத்தோடு போட்ட உத்தரவு என்பதை ஊழியரே நிரூபிக்க வேண்டும். சாமானிய ஊழியருக்கு இது லேசுப்பட்ட காரியம் இல்லை.

புகார் சொல்பவரை பாதுகாக்கும் சட்டம் 2014-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறி ஜனாதிபதி ஒப்புதலும் பெற்றது. இது பழிவாங்கல் இல்லை என்று துறைதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்த சட்டம். ஆனால் அதை இன்னும் அமலுக்கு கொண்டு வரவில்லை. கனடாவில் இதற்கென்றே தனி தீர்ப்பாயம் அமைக்க வழி செய்த சட்டம் 2007-லேயே அமலாகி விட்டது.

இங்கே சட்டம் அமலாகும் வரை ஊழியருக்கு கையில் இருக்கும் காகிதம்தான் பலம். புகாரின் நகல், தேதியோடு தபால் ரசீது, அதன் பிறகு வந்த மெமோ, டிரான்ஸ்பர் உத்தரவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். புகார் போன தேதியும், உத்தரவு வந்த தேதியும் அடுத்தடுத்து இருந்தால் வழக்குக்கு அது கை கொடுக்கும்.