ஓர் உறுமி அடியில் ஒரு பாட்டு

மாணவர்களே, தைப்பூசத்தன்று ஜொகூரில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். அதில் மூன்று நிமிடத்தைப் பழைய நிண்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவியின் நினைவகத்தில் அடைக்க முடியுமா?

வினாடிக்கு 22,050 அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் என்றால், 180 வினாடிக்கு 3,969,000 பைட் தேவை. 2004இல் வெளிவந்த அக்கருவியின் முதன்மை நினைவகமே 4 மெகாபைட்தான். ஒலி மட்டுமே கிட்டத்தட்ட முழுவதையும் விழுங்கிவிடும். மென்பொருள் எங்கே உட்காரும்?

டிராக்கர் வகை மென்பொருள் வேறு வழியில் போகிறது. அரை வினாடி நீளமுள்ள ஒரே ஓர் அடியைப் பதிவு செய்தால் 11,025 பைட் போதும். இதைத்தான் சாம்பிள் என்கிறோம். அது எப்போது, எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்பதை மேலிருந்து கீழே ஓடும் அட்டவணையில் குறித்தால் பாட்டு தயார். 1987இல் அமிகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி உருவாக்கிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரிலிருந்து வந்த முறை இது. டிஎஸ்ஸில் இதற்கு நைட்ரோடிராக்கர் உண்டு. கருவியிலேயே ஒலிவாங்கி இருப்பதால், கைதட்டலைக்கூட அங்கேயே பதியலாம்.

சுருதி மாறுவது எப்படி? சாம்பிளை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி உயரும். ஆனால் அரை வினாடி ஒலி கால் வினாடியாகச் சுருங்கிவிடும். மேள அடிக்கு அது பரவாயில்லை. பாடகர் குரலோ அணில் பேசுவதுபோல் ஆகிவிடும்!

வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் இழுவைதான் உண்மையான சவால். கலைஞர் கையில் ஓர் இழுவைபோல் மற்றொன்று இருக்காது. ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும். நான்கைந்து இழுவைகளைத் தனித்தனியே பதிந்து மாற்றி மாற்றி வையுங்கள். இடம்தான் நிறைய மிச்சமிருக்கிறதே!