கிணற்று வேலைக்குத் தற்காலிக மின்சாரக் கம்பி: சிக்கனமும் ஜாக்கிரதையும்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

1932-ல் பைகாராவிலும் 1944-ல் பாபநாசத்திலும் நீர்மின்சாரம் உற்பத்தியான பின்னர், தென் ஜில்லாக்களின் கிணற்றடிகளில் கமலையின் ஓசை படிப்படியாக ஓய்ந்து, மோட்டாரின் ஓசை எழலாயிற்று. விருதுநகரை அடுத்த சூலக்கரை வட்டாரத்துக் கரிசல் காட்டில் இன்று பம்பு செட்டைப்பற்றி அறியாத குடியானவர் இல்லை. ஆயினும் கோடையில் கிணற்றை ஆழ வெட்டும்போதும், பம்பு அறை கட்டும்போதும், சில வாரங்களுக்கென்று போடப்படும் தற்காலிகப் பலகையையும் கம்பியையும் பற்றி நம்மவர் போதிய கவனம் செலுத்துவதில்லை. "நாலு நாள் வேலைதானே" என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

சில வருஷங்களுக்கு முன் இவ்வட்டாரத்தில் நான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். ஒரு விவசாயி தம் கிணற்றை ஆழப்படுத்த முற்பட்டார். மீட்டர் இருந்த இடத்திற்கும் கிணற்றுக்கும் தூரம் சுமார் 100 மீட்டர். மோட்டாருக்கு ஒன்று, மண் தூக்கும் யந்திரத்திற்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று, கிடைத்த பழைய மெல்லிய கம்பிகளை ஒட்டுப்போட்டு மீட்டரிலிருந்தே தனித்தனியாக இழுத்துவிட்டார். எர்த் கம்பி இல்லை. பத்தாம் நாள் மோட்டாரின் காயில் கருகிற்று. அதற்கு மறுநாள், ஈரச்சரளையின்மேல் கிடந்த ஒட்டு ஒன்றைக் கூலியாள் ஒருவர் மிதித்தார். பக்கத்திலிருந்தவர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கியதனால் அவர் உயிர் தப்பினார். கம்பியில் மிச்சம் பிடித்த பணம் காயில் கட்டும் கூலிக்கும் போதவில்லை. உயிருக்கு விலை ஏது?

எது உண்மையான சிக்கனம்?

மெல்லிய கம்பி வாங்குவது சிக்கனமன்று. நீளத்தைக் குறைப்பதும், வேலை முடிந்த பின்னும் பயன்படக்கூடிய கம்பியை வாங்குவதுமே சிக்கனமாகும். மீட்டரிலிருந்து கிணற்றடிவரை தகுந்த கனமுள்ள ஒரே கேபிளை இழுத்து, அங்கே ஒரு பலகையை நிறுத்தி, அதிலிருந்து ஒவ்வொரு யந்திரத்திற்கும் குறுகிய வளையும் கம்பிகளைக் கொடுக்க வேண்டும். மூன்று நீளக் கம்பிகளின் கிரயம் ஒன்றாகக் குறையும். வேலை முடிந்ததும் அதே கேபிள் பம்பு அறைக்கு நிரந்தரமாக உதவும். ஆகவே நாளைய மோட்டாரை மனத்தில் வைத்தே இன்றைய கேபிளைத் தேர்ந்தெடுப்பது நலம்.

கம்பியின் கனம்

5 குதிரைசக்தி மும்முனை மோட்டார் முழுப் பளுவில் ஏறக்குறைய 7½ ஆம்பியர் இழுக்கும். 100 மீட்டர் தூரத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் மின் அழுத்தம் சுமார் 13 வோல்ட் குறையும், 2.5 ஆனால் 8 வோல்ட்டே குறையும். இவ்வளவு வித்தியாசம் அற்பமென்று தோன்றலாம். ஆனால் மோட்டார் துவங்கும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்சாரம் பாய்வதால், மெல்லிய கம்பியில் இழப்பு 50 வோல்ட் அளவை எட்டக்கூடும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் துவக்க வலு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். மோட்டார் திணறும், காயில் சூடேறும், முடிவில் கருகும்.

செம்பா, அலுமினியமா?

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கடத்துவதை 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் கடத்திவிடும். கிரயமும் எடையும் குறைவு. ஆகையால் அசையாமல் கிடக்கும் நீண்ட கேபிளுக்கு அலுமினியம் ஏற்றது. ஆனால் அடிக்கடி வளைந்தால் அது முறியும். முனையில் லக் வைத்து அழுத்திப் பொருத்தாவிடில் தளர்ந்து சூடேறும். செம்புடன் நேராக முறுக்கிச் சேர்க்கவும் கூடாது. எனவே பலகையிலிருந்து யந்திரத்திற்குச் செல்லும் அசையும் கம்பிகள் பல இழைச் செம்பாகவே இருக்கட்டும். விளக்குக்கு நியூட்ரல் வேண்டியிருப்பதால், நீண்ட கேபிள் நான்கு இழையுள்ளதாயும், அதனுடன் தனி எர்த் கம்பியும் இருத்தல் அவசியம். வாங்கும் கேபிளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குக.

கைவைக்கக்கூடாத செலவுகள்

கரிசல் மண் கோடையில் வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகிவிடும். அதன் தடை 20 ஓம் ஆகிவிட்டதென்று கொள்வோம். 230 வோல்ட் முழுவதும் கசிந்தாலும் ஓடக்கூடியது 11½ ஆம்பியரே. 16 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. யந்திரத்தின் உடல் மின்சாரத்தோடு நிற்கும். இதை அறிந்து வெட்டிவிடும் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானே. குடியானவர் முதலில் தவிர்க்க எண்ணும் சாமான் இதுதான். உயிர் காப்பதும் இதுதான். தினமும் வேலை துவங்குமுன் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். எர்த்துக்கு 2½ மீட்டர் நீளமுள்ள குழாயை நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இறக்கி, அடிக்கடி தண்ணீர் ஊற்றி வருக. துண்டிப்பான் இருக்கிறதென்று எர்த்தை விடுவதும், எர்த் இருக்கிறதென்று துண்டிப்பானை விடுவதும் தவறு.

கவனிக்கவேண்டியவை

1. கேபிளைத் தரையில் கிடத்தாமல் கம்புநட்டு உயர்த்திக் கட்டுக. டிராக்டர் கடக்கும் இடத்தில் குழாயினுள் புதைத்துச் செலுத்துக.

2. ஈரத்தில் ஒட்டு வேண்டாம். தவிர்க்கமுடியாத ஒட்டை மூடிய பெட்டிக்குள் வைக்கவும்.

3. பலகையை மழை படாத பெட்டியில், கிணற்று விளிம்பிலிருந்து விலகி, எவரும் எளிதில் ஓடிச்சென்று எட்டும் இடத்தில் நிறுத்துக.

4. மோட்டார் ஓடும்போது தண்ணீருக்குள் ஆட்கள் இருக்கலாகாது. கிணற்றுக்குள் இறக்கும் விளக்கு, டிரான்ஸ்பார்மர் மூலம் 24 வோல்ட்டாகக் குறைக்கப்பட்டதாய் இருக்கட்டும்.

5. வைக்கோற்போர், பருத்திமார்க் குவியல் இவற்றை ஒட்டிக் கம்பி செல்லக்கூடாது. சிவகாசிப் பக்கத்துப் புலங்களில் பட்டாசுக் கொட்டகை அருகிலிருந்தால், தற்காலிகக் கம்பியை அத்திசைக்கே கொண்டுபோகவேண்டாம்.

6. விவசாயத்திற்கென்று அளிக்கப்பட்ட இலவச மின்சாரத்தை வீடு முதலிய கட்டட வேலைக்குத் திருப்புவது விதிமீறலாகும். அதற்குத் தனித் தற்காலிக இணைப்பு உண்டு. கிணற்று வேலையாயினும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டி விசாரித்துக்கொள்க. கம்பி இழுப்பதை லைசென்ஸ் பெற்றவரிடமே ஒப்படைக்கவும்.

மேற்கூறிய சம்பவத்திற்குப் பின் அவ்விவசாயி ஒரே கேபிளும் ஒரு பலகையும் போட்டு வேலையை முடித்தார். இன்று அதே கேபிள் அவருடைய பம்பு அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூலியாளும் நலமாயிருக்கிறார். தற்காலிகமென்பது வேலைக்குத்தான், மின்சாரத்தின் அபாயத்திற்கு அவ்விதத் தவணை கிடையாது. ஆகையால் இக்கோடையில் கிணறு வெட்ட முனையும் குடியானவர்கள், கூலி பேசுமுன் கேபிளுக்கும் துண்டிப்பானுக்கும் எர்த்துக்கும் ஆகும் தொகையை முதற் செலவாக ஒதுக்கி வைப்பார்களாக.